குன்றின் மேல் ஒரு தோசைக்கரண்டி

கிள்ளானில் நாங்கள் கேட்டது வேறு. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, அதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்டோம். மழை பெய்தால் வாசலில் முட்டிவரை தண்ணீர் நிற்கிறது, அதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று கேட்டோம். கிடைத்தது ஒரு சிற்பம். எங்களுக்கு எதிரே இருந்த குன்றை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கி, லாலாங் புல்லைச் சிரைத்து, கொண்டோ என்கிற ஆடம்பர அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தது. கொண்டோ பாதி எழும்புவதற்குள் குன்றின் உச்சியில் காற்றில் சுழலும் ஒரு பிரமாண்டமான இரும்புச் சாமானை நட்டுவிட்டு, இது பழைய நகரத்துக்கு எங்கள் பரிசு என்று அறிவித்தது.

உயரமான எஃகுக் கம்பம். அதன் கழுத்தில் ஒரு வளையம். வளையத்திலிருந்து நாலாபக்கமும் நீண்ட காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஒரு தகடு. காற்றடித்தால் தகடுகள் மெல்லச் சுற்றும். விளம்பரத் தாளில் மூன்று மொழியில் அதன் பெருமையைப் போட்டிருந்தார்கள். தமிழில் மட்டும் எழுத்துகள் உடைந்து கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கமாகக் கிடந்தன. வழக்கம்தான். நாம் வாசிக்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் திருத்த மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும்.

அதைச் செய்தவர் வெளிநாட்டுக்காரராம். ஒரு நாள் வந்து குன்றின் மேல் நின்று, ரயில் நிலையத்தையும் ஆற்றையும் பழைய கடைவரிசையையும் பார்த்துவிட்டு, இந்த ஊர் என்னோடு பேசுகிறது என்றாராம். தீபாவளி நேரம் அது. லிட்டில் இந்தியாவில் கடைக்கு ஒரு ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஒரு பாட்டு. ஊர் அவரிடம் பேசியிருந்தாலும் அவருக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்க நியாயமில்லை.

கீழே நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா அதை விசிறி என்றார். பக்கத்து ஹார்ட்வேர் கடைச் சீனர் நல்ல ஸ்டீல், வீணாகப் போகிறதே என்று வருத்தப்பட்டார். நான் வைத்த பெயர் தோசைக்கரண்டி. வெறும் வானத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும் தோசைக்கரண்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பெயர் எங்கள் வட்டாரத்தில் நன்றாகவே ஓடியது.

என் கணவர் மட்டும் நன்றாக இருந்திருந்தால் இதைத் திட்டுவதில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருப்பார். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆளைவிடக் குரல் பெரிது. எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். நான் மறுத்துப் பேசினால் ஒரே ஒரு வார்த்தைதான் பதில். “லூசு.” கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான். உப்பு அதிகம் என்றாலும் லூசு, அவர் தேர்ந்தெடுத்த கார் குப்பை என்றாலும் லூசு. நானும் விட்டதில்லை. “லூசைக் கட்டிக்கிட்ட நீங்க என்னவாம்?” என்பேன். அத்தோடு சண்டை முடியும், சோறு போடுவேன்.

அந்த வாயைத்தான் பக்கவாதம் கொண்டுபோனது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். முதல் சில மாதங்களில் என்ன திரும்புகிறதோ அதுதான் திரும்பும், பிறகு காத்திருந்து பெரிய பயனில்லை என்றார். கை கால்கூட மெதுவாக வரட்டும், முதலில் வலது பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றார். எனக்கு அது புரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு புரிந்தது. தட்டில் இடது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு வைத்துவிடுவார். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவருக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை.

பயிற்சி கொடுக்க பந்திங் ஊரிலிருந்து ஒரு பெண் வந்து போவாள். மோட்டார் சைக்கிளில் வந்து, லிஃப்ட் ஓடாத நாளில் மூச்சு வாங்க மாடியேறி வருவாள். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. மணியை ஆட்டுவாள், சிவப்புப் பந்தைக் காட்டுவாள், “அங்கிள், இங்க பாருங்க, ரைட் சைட் பாருங்க லா” என்று கெஞ்சுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு காலத்தில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷனுக்கு முன்னால் குழந்தைப் பந்தை ஆட்டினால் அவர் என்ன செய்வார்? எனக்கே அந்தப் பந்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் என்று இருக்கும். ஆனால் மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் சொன்னது என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோசைக்கரண்டியைச் சோதனைக்குச் சுழல விட்டார்கள். எங்கள் ஹால் ஜன்னல் குன்றைப் பார்த்தது. பிற்பகல் வெயில் எங்களுக்குப் பின்பக்கத்திலிருந்து வந்து, ஃபிளாட்டைத் தாண்டிப் போய், குன்றின் மேலிருந்த தகடுகளில் பட்டு, எங்கள் ஹாலுக்கே திரும்பி வந்தது. கண் கூசியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மறுநாளே அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். ஏசி குளிரில் டை கட்டிய ஒரு தமிழ்ப் பையன் எழுதிக்கொண்டான். “நீங்கதான் ஆன்டி ஃபர்ஸ்ட் கம்ப்ளெயின்” என்றான், பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல.

இரண்டு மூன்று நாள் கழித்து, தையல் மிஷினில் உட்கார்ந்தபடி தற்செயலாக என் கணவரைப் பார்த்தேன். அவர் நாற்காலிக்கு எதிரே கோயில் காலண்டர் மாட்டிய சுவர். இடது கைப் பக்கம் ஜன்னல், வலது கைப் பக்கம் சமையலறை. ஜன்னலோரம் ஒரு வெளிச்சத் துண்டு விழுந்து, சுவரில் மெதுவாக ஊர்ந்து, காலண்டரைத் தாண்டி, சமையலறை வாசல்வரை போய் மறைந்தது. பின்னாலேயே அடுத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுமே பார்க்கவில்லை, தொடர்ந்து போனார். காலண்டர்வரை கழுத்து வந்தது. அங்கே நின்றது. வெளிச்சம் போய்விட்டது. அவர் திரும்ப ஜன்னலோரம் வந்து அடுத்ததற்குக் காத்திருந்தார்.

நான் தையலை நிறுத்திவிட்டேன். மூச்சுவிட்டால்கூட அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அதன் பிறகு பிற்பகலானால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார வைப்பேன். வானம் மப்பு போட்டால் எனக்கு எரிச்சல் வரும். காற்று இல்லாவிட்டால் அதைவிட எரிச்சல். ஒரு வாரம் காலண்டரோடு நின்ற கழுத்து அடுத்த வாரம் அதைத் தாண்டியது. வெளிச்சத்தோடு வலது கைவிரல் ஒன்று நாற்காலிக் கையில் லேசாகத் தட்டியதைப் பந்திங் பெண்தான் முதலில் பார்த்தாள். “ஆன்டி, நான் ஒன்னுமே செய்யல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நான் திட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அதைச் செய்தவன் என் கணவருக்காகச் செய்யவில்லை. கொண்டோ விற்பதற்காகச் செய்தான். தெருவில் சிந்திய அரிசியைக் கோழி கொத்தித் தின்றால் லோரிக்காரனைத் தர்மவான் என்றா சொல்வோம்? தோசைக்கரண்டி தோசைக்கரண்டிதான். என் வீட்டுச் சுவரில் என்ன நடக்கிறது என்பது என் வீட்டு விஷயம்.

இனி என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தம்பி, லிட்டில் இந்தியாவில் மாலைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் மாலை இல்லாமல் எதுவும் தொடங்காது. புது லோரிக்கு மாலை, புது மாவு மிஷினுக்கு மாலை, வட்டாரத் தலைவருக்கு மாலை, அவர் தோற்றால் அடுத்தவருக்கு மாலை. ஒரு கடையில் ஜெராக்ஸ் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு, முதல் காகிதமே சாமந்திப்பூ நிறத்தில் வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொழுந்தனின் தனிப்பெருமை அவர் மாலை அறாது என்பது. மேடையில் போடும்போது மாலை அறுந்து விழுந்தால் அபசகுனம், வாங்கியவர் ஆயுசுக்கும் பேசுவார். அதனால் பெரிய மாலைகளை அவர் நூலில் கட்டுவதில்லை. மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் கட்டுவார். பூ வாடி உதிரும், நரம்பு அப்படியே இருக்கும்.

சிற்பத்தின் திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், நம் ஆட்கள் மரியாதை ஒன்றும் செய்யாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கடைக்காரர்கள் கூடிப் பேசினார்களாம். சிங்க நடனம் ஏற்பாடாகிவிட்டது, கொம்பாங் மேளம் அடிப்பவர்களும் வருகிறார்கள், நம் பங்கு என்ன? பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சாமான் சுற்றுகிறது, சுற்றுகிறதென்றால் அது வண்டி மாதிரிதான், வண்டிக்குப் பூஜை போட்டுத்தானே எடுக்க வேண்டும்? ஆகவே குருக்களை வைத்துப் பூஜை, எலுமிச்சம்பழம், டத்தோவுக்கு ஒரு மாலை, சிற்பத்துக்கு அதைவிடப் பெரிய மாலை. இதைச் சொல்லக் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார்.

“சுத்துற சாமானுக்கு எதுக்கு தம்பி மாலை?” என்றேன்.

“என்ன அண்ணி, லோரிக்குப் போடலியா?”

“லோரிய நிறுத்திட்டுத்தான போடுறீங்க. ஓடுற லோரிக்கு எவன் மாலை போட்டான்?”

“அன்னைக்குக் காத்து இருக்காது அண்ணி. காலையில எங்க காத்து?”

“குன்னு மேல நிக்குது. காத்து வராதுன்னு யாரு உங்ககிட்ட எழுதிக் குடுத்தா?”

“நீங்கதான அதத் தோசக்கரண்டின்னு ஊரெல்லாம் சொல்றீங்க. இப்ப என்ன அதுமேல இவ்ளோ அக்கற?” என்று சிரித்தார்.

என் கணவர் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே வைத்து, இந்த மனுஷனுக்குக் கழுத்து திரும்புவதே அந்தக் கரண்டியால்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னாலும் கொழுந்தன் நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்பியிருந்தால் நன்றிக்கு இரண்டு மாலையாகக் கட்டியிருப்பார்.

விழாவுக்குப் பந்திங் பெண்ணை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். போகாமல் இருக்க முடியாது, குடும்ப மானம். கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி, பெட்டியில் கரிபாப் பலகாரம். சிங்கம் ஆடியது, கொம்பாங் அடித்தார்கள், டத்தோ வெகு நேரம் பேசினார். கலை நம் எல்லோரையும் இணைக்கிறது என்றார். பின்வரிசையில் எல்லோரும் கைபேசியில் இணைந்திருந்தார்கள். பிறகு குருக்கள் கம்பத்தின் அடியில் தேங்காய் உடைத்தார். கடைசியில் கொழுந்தன் பட்டு ஜிப்பாவோடு, ஆளை உயரத் தூக்கும் கிரேன் கூடையில் ஏறினார். தலையில் பாதுகாப்புத் தொப்பி, தோளில் அவரைவிட நீளமான மாலை. மேலே போய்ச் சிற்பத்தின் கழுத்தில் அதை மாட்டிவிட்டு, கீழே பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் படம் எடுத்தார்கள். காற்று இல்லைதான். அதுவரைக்கும்.

கூடை பாதி இறங்கும்போது காற்று வந்தது. தகடுகள் அசைந்தன. மாலை ஒரு சுற்று சுற்றி வளையத்துக்குள் போனது. இன்னொரு சுற்று. ரோஜாவும் சாமந்தியும் சம்பங்கியும் நசுங்கி டத்தோவின் தலையில் பூமழையாகக் கொட்டின. கூட்டம் கைதட்டியது. அதுவும் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். மேலே பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தகடுகள் ஒரு உதறு உதறி நின்றன. வேறு எந்தக் கயிறாக இருந்தாலும் அந்த இழுப்புக்கு அறுந்திருக்கும். என் கொழுந்தன் கட்டிய மாலை அறவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பந்திங் பெண் சுவரைக் காட்டினாள். பிற்பகல் வெயில் வந்திருந்தது. வெளிச்சத் துண்டு ஒன்று ஜன்னலோரமாகவே, ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு, அது கிளம்பட்டும் என்று காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கவாதம் வந்த அன்றுகூட நான் அழவில்லை. அன்றைக்குச் சமையலறையில் போய் நின்று அழுதேன்.

மாலையை வெட்டி எடுத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அலுவலகத்துக்குப் போனேன். அதே பையன், அதே டை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க கம்ப்ளெயின் க்ளோஸ் ஆயிடுச்சு ஆன்டி. இப்ப லைட் அடிக்கலதான?” என்றான்.

“அடிக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். அத மறுபடி சுத்த விடுங்க.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அத யாரும் தொட மாட்டாங்க ஆன்டி. சாமி மாலை. மேனேஜர் மலாய்க்காரரு, கான்டிராக்டர் சீனரு. அவங்க ஏறி வெட்டி, யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா என்னாவுறது? சென்சிட்டிவ் இஷ்யூ லா.”

“நான் இந்துதான். கத்திரியும் என்கிட்ட இருக்கு. கூடைய மட்டும் குடு, நானே ஏறி வெட்டுறேன்.”

“சேஃப்டி இருக்கே ஆன்டி. நீங்க வேணும்னா உங்க ஆளுங்ககிட்ட பேசிப் பாருங்களேன்.”

எங்கள் ஆளுங்களிடம் போனேன். பூஜை பண்ணிப் போட்ட மாலையைக் கத்தி வைத்து வெட்டக்கூடாது, அதுவாக உதிரட்டும் என்றார் கடைக்காரர் கமிட்டித் தலைவர். கொழுந்தனிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், வெளிச்சம், கழுத்து, விரல். அவர் முகம் செத்துப்போனது. “எனக்குத் தெரியாதே அண்ணி” என்று கண் கலங்கினார். மறுநாளே கடையை அடைத்துவிட்டு அந்த அலுவலக வாசலில் போய் நின்றார். உள்ளே விடவில்லை. பூ எல்லாம் உதிர்ந்து, கறுத்துப்போன நார்க்கொத்து மாதிரி அந்த நரம்பு மட்டும் சிற்பத்தின் கழுத்தில் கிடந்தது. கொண்டோ விற்பனைக் கூடத்தின் விளம்பர வீடியோவில் மட்டும் சிற்பம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

இங்கே என் கணவரின் கழுத்து ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கமே திரும்பிப் போனது. மாதங்கள் முடியப்போகின்றன என்று பந்திங் பெண் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் படும் பாட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

ஒரு பிற்பகல், சமையலறைக்குப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேற்கு வெயில் நேராக அங்கே விழும். கையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் திருப்பியபோது ஒரு வெளிச்சம் சமையலறைக்குள் ஓடியது. தட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் சமையலறையைத் தாண்டி ஹாலுக்குப் போய், காலண்டர் சுவரில் விழுந்தது. இத்தனை நாள் அந்த மடையர்களின் வாசலில் நின்றேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த பெரிய தாம்பாளத்தை இறக்கினேன்.

ஜன்னலோரம் ஆரம்பித்தேன். தாம்பாளம் கைக்கு அடங்கவில்லை. வெளிச்சம் தெரு நாய்க்குட்டி மாதிரி சுவரெல்லாம் தாறுமாறாக ஓடியது. தகட்டைப்போல நிதானமாக ஊரவில்லை. காலண்டரில் முருகன் முகத்தில் ஒரு குதி, கூரையில் ஒரு குதி. இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்து, முழங்கையைச் சிமெண்டுத் திட்டில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு நகர்த்தினேன். காலண்டர். காலண்டருக்கு இந்தப் பக்கம். சமையலறை வாசல் சட்டம். அவர் தலை வெளிச்சத்தின் பின்னால் வருகிறதா என்று நான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. மறுபடி ஜன்னலோரம் போனேன். மறுபடி காலண்டர். வியர்வை கண்ணில் இறங்கியது. அந்தக் காற்றையும் கரண்டியையும் டத்தோவையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நகர்த்தினேன். சத்தமாகத்தான் திட்டியிருக்க வேண்டும்.

நாற்காலி கிரீச்சிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. வாசல் சட்டத்தையும் தாண்டி, வலது பக்கம், இத்தனை நாள் அவருக்கு இல்லாமலே போயிருந்த அந்தப் பக்கம், கழுத்து நரம்பு புடைக்க முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்யாணத் தாம்பாளத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, காற்றைத் திட்டிக்கொண்டு நிற்கிற பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் கோணியது. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். நான் ஏதாவது உளறினால் வரும் கோணல்.

உதடு ஒட்டிப் பிரிந்தது. காற்றுதான் முதலில் வந்தது. பிறகு, ஈரத்துணியைப் பிழிவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

“லூ... சு.”

பதில் சொல்லாமல் விட்டுவிட முடியுமா?

“லூசைக் கட்டிக்கிட்ட நீங்க என்னவாம்?” என்றேன். தாம்பாளத்தை மட்டும் கீழே இறக்கவில்லை.